பப்பிலா: பின்லாந்துக் கிராமக் கதைகள் பிறந்த குருமனை

கிராமத்தைப் பற்றிய பழைய பின்லாந்து நாவல் ஒன்றைக் கையில் எடுத்தால், சீக்கிரமே ஒரு பாதிரியார் வந்துவிடுவார். பனியில் சறுக்குவண்டி ஏறி எங்கோ போய்க்கொண்டிருப்பார். இல்லையென்றால் ஒரு குடியானவனை எதிரே நிறுத்தி வேதபாடம் வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருப்பார். சில கதைகளில் அவர் ஆளாக வருவதே இல்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி ஒருவன் அவர் வீட்டுச் சமையலறை வாசலில் காத்திருப்பான். புதிதாகப் படிக்கிறவருக்கு, விவசாயக் கதையில் இந்த ஆள் எதற்கு இத்தனை முறை வருகிறார் என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஒரே ஒரு ஃபின்னிஷ் சொல்லைச் சரியாகப் புரிந்துகொண்டால் பாதி விடை கிடைத்துவிடும் என்பது பிறகுதான் தெரிந்தது.

அந்தச் சொல் ‘பப்பிலா’. ‘பப்பி’ என்றால் பாதிரியார். ‘லா’ என்பது இடத்தைக் குறிக்கும் விகுதி. ‘அனொப்பி’ என்றால் மாமியார், ‘அனொப்பிலா’ என்றால் மாமியார் வீடு. பின்லாந்தின் காவியமான ‘கலேவலா’வின் கடைசி எழுத்தும் இதே விகுதிதான்: கலேவா என்ற புராண மூதாதையின் நிலம். ஆக, பப்பிலா என்றால் பாதிரியார் குடியிருக்கும் இடம். நம் ஊர் சபைகளில் ‘குருமனை’ என்போமே, அதேதான். ஆனால் நம் குருமனை பெரும்பாலும் கோயிலை ஒட்டிய ஒரு வீடு. பின்லாந்தின் பப்பிலாவோ ஒரு முழுப் பண்ணை.

பின்லாந்து லூத்தரன் நாடு, அதாவது மார்ட்டின் லூத்தர் வழிவந்த சீர்திருத்தக் கிறிஸ்தவ நாடு. அங்கே பாதிரியார் கல்யாணம் செய்துகொள்வார், பிள்ளைகள் பெற்று வளர்ப்பார். பழைய நாளில் அவருக்கு மாதச் சம்பளம் என்று கட்டுப்பணம் வராது; தானியம், வெண்ணெய் என்று சபையார் கொண்டுவந்து அளக்க வேண்டும். அதோடு பப்பிலாவுக்கென்று ஒதுக்கிய நிலமும் உண்டு. உழவு, மாடு, வைக்கோல், கூலியாட்கள், பால் கறக்கும் பெண்கள் எல்லாம் அங்கே உண்டு. பிரசங்கம் எழுதுகிற மேசைக்குப் பக்கத்துச் சன்னலைத் திறந்தால் மாட்டுத் தொழுவம் தெரியும். அந்த ஊரிலேயே பல்கலைக்கழகம் போய்வந்தவர் அவர் ஒருவராகத்தான் இருப்பார். அவரும் அறுவடைக்கு முன்பே உறைபனி விழுந்துவிடுமோ என்று அண்டை வீட்டு விவசாயி மாதிரியே வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

வீடு பதவியோடு வருவது. பதவி போனால் வீடும் போகும். பாதிரியார் செத்துப்போனால் மனைவி பிள்ளைகள் எங்கே போவது? ‘அருள் ஆண்டு’ என்று ஒரு ஏற்பாடு இருந்தது: விதவை ஓர் ஆண்டுக் காலம் அதே வீட்டில் தங்கி அந்தப் பதவியின் வருமானத்தைப் பெறலாம். 17, 18ஆம் நூற்றாண்டுகளில் இன்னொரு வழக்கமும் நடப்பில் இருந்தது. புதிதாக வருகிற பாதிரியார், செத்தவரின் விதவையையோ மகளையோ மணந்துகொண்டு அந்தக் குடும்பத்தை அங்கேயே ‘காப்பாற்றி’ வைப்பார். இதைப் படித்தபோது, பாதிரியார் வீட்டுப் பெண்களைப் பற்றி இவ்வளவு கதைகள் ஏன் எழுதப்பட்டன என்பது எனக்குப் புரிந்த மாதிரி இருந்தது.

இனி, பாதிரியாருக்கும் ஊருக்கும் உள்ள உறவு. அதன் மையம் வாசிப்புத் தேர்வு. இதை மட்டும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

அப்போது பின்லாந்து ஸ்வீடன் அரசின் ஒரு பகுதி. துர்க்கு நகரத்தின் பேராயராக 1664 முதல் 1690 வரை இருந்த யோஹன்னஸ் கெசேலியுஸ், ஒவ்வொரு குடிமகனும் வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தார். பிள்ளைகளுக்கென்று 1666இல் ஒரு ஞானோபதேச நூலை, அதாவது மதப் பாடநூலை, வெளியிட்டார். 1686ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம், சபையாரின் அறிவைப் பாதிரியார் வீடு வீடாகச் சோதிக்க வேண்டும் என்று எழுத்திலேயே வைத்தது. இதன் விளைவு எளிது, ஆனால் கடுமையானது: வாசிக்கத் தெரியாவிட்டால் திடப்படுத்தல் (சபையில் முழு உறுப்பினராக ஏற்கும் சடங்கு) கிடையாது, திடப்படுத்தல் இல்லாவிட்டால் திருவிருந்து கிடையாது, கல்யாணமும் கிடையாது.

சோதனைக்குப் பெயர் ‘கிங்கெரிட்’. சபையைச் சிறு சிறு வட்டங்களாகப் பிரித்து, குளிர்காலத்தில், ஏரிகள் உறைந்து சறுக்குவண்டி ஓடத் தொடங்கிய பிறகு, ஒவ்வொரு வட்டத்திலும் ஒரு பெரிய வீட்டில் கூட்டம் வைப்பார்கள். விருந்து கொடுக்கும் பொறுப்பு முறைவைத்து வரும். தரை தேய்த்துக் கழுவியிருக்கும், ரொட்டி சுட்டு வைத்திருக்கும். பாதிரியாரும் ‘லுக்கரி’யும் வந்து மேசைக்குப் பின்னால் உட்காருவார்கள். லுக்கரி என்பவர் கோயிலில் பாட்டை எடுத்துக்கொடுப்பவர்; ஊர்ப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுப்பதும் பல இடங்களில் அவர் வேலை. மேசை மேல் ஒரு தடித்த பேரேடு விரிந்திருக்கும். அதில் வீடுவாரியாக எல்லோர் பெயரும், ஒவ்வொரு பெயருக்கும் நேராகக் கட்டங்களும் இருக்கும்: அரிச்சுவடி வாசிக்கிறானா, லூத்தரின் சிறிய ஞானோபதேசம் மனப்பாடமா, அதன் விளக்கம் புரிகிறதா. பெயர் கூப்பிடக் கூப்பிட ஒவ்வொருவராக எழுந்து வந்து நிற்பார்கள். ஐம்பது வயது ஆள் வியர்த்துக்கொண்டு வரி வரியாக எழுத்துக்கூட்டுவான். பக்கத்தில் பத்து வயதுப் பெண் பிள்ளை கடகடவென்று ஒப்பித்துவிட்டுப் போவாள். லுக்கரி குறி போடுவார். அப்புறம் எல்லோருக்கும் சாப்பாடு.

இந்தக் குறிகளைக் கொண்ட பேரேடுகள் இன்றும் பின்லாந்தின் ஆவணக் காப்பகங்களில் இருக்கின்றன. குடும்ப வரலாறு தேடுகிறவர்கள் தங்கள் முன்னோர் எவ்வளவு வாசித்தார்கள் என்று அதில் பார்க்கலாம். ஒரு பண்ணைக் கூலியின் வாசிப்புத் திறனை முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் உட்கார்ந்து குறித்துவைத்திருக்கிறார் என்பதை எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

தமிழ் வாசகருக்கு இது முழுக்க அந்நியமும் அல்ல. விசுவாசி ஒவ்வொருவரும் தன் மொழியில் தானே வாசிக்க வேண்டும் என்ற இதே லூத்தரன் எண்ணத்தோடுதான் சீகன்பால்கு 1706இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715இல் அங்கே அச்சானதற்குப் பின்னால் இருப்பதும் அதுவே. இரண்டு நாடுகளிலும் விதை ஒன்றுதான், விழுந்த மண்தான் வேறு.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். கிங்கெரிட் சோதித்தது வாசிப்பை மட்டும்தான், எழுத்தை அல்ல. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரைக்கும் பின்லாந்துக் கிராமத்தார் பெரும்பாலோர் வாசிப்பார்கள். எழுதத் தெரிந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். ஒரு நாடு நிறைய வாசகர்களோடும் மிகச் சில எழுத்தாளர்களோடும் காத்துக்கொண்டிருந்தது என்று சொல்லலாம். காகிதமும் மையும் அன்றாடப் பொருளாக இருந்த இடம் கிராமத்தில் ஒன்றே ஒன்று: பப்பிலா.

அடுத்து மொழி. பின்லாந்து 1809இல் ரஷ்யப் பேரரசின் கைக்குப் போன பிறகும் அலுவலகத்தின் மொழி, பல்கலைக்கழகத்தின் மொழி, படித்த குடும்பங்களின் வீட்டு மொழி எல்லாம் ஸ்வீடிஷ்தான். நீதிபதியும் அதிகாரியும் ஃபின்னிஷ் பேசாமலே காலம் தள்ளலாம். பாதிரியார் தள்ள முடியாது. ஃபின்னிஷ் பேசும் ஊரில் ஞாயிற்றுக்கிழமை பிரசங்க மேடையில் நின்றால் ஃபின்னிஷில்தான் பேச வேண்டும். சாகக் கிடக்கிறவனின் கட்டிலருகே போனால் அவன் மொழியில்தான் ஜெபிக்க வேண்டும். ஃபின்னிஷ் எழுத்தைத் தொடங்கிவைத்ததே ஒரு குருவானவர்தான்: மிக்கேல் அக்ரிகோலா. அவருடைய அரிச்சுவடி 1543இலும் புதிய ஏற்பாடு 1548இலும் வந்தன. ஃபின்னிஷில் முதல் செய்தித்தாளை 1776இல் நடத்திய அந்தி லிசேலியுஸும் பாதிரியார்தான், மூனமாக்கி ஊர்க்காரர். ரஷ்யப் பேரரசர் ஃபின்னிஷுக்கு ஆட்சிமொழி ஆகும் வழியைத் திறந்தது 1863இல்தான்.

ஆகவே பப்பிலாவில் வளர்கிற பிள்ளைக்கு இரண்டு மொழி. கூடத்தில் ஒன்று, தொழுவத்தில் ஒன்று. புத்தகமும் தெரியும், சாணியும் தெரியும். நாவல் எழுத இதைவிட நல்ல இடம் எது?

அப்படி ஒரு பிள்ளைதான் யுஹானி அஹோ. 1861இல் லபின்லஹ்தியில், வார்னி என்ற பப்பிலாவில் பிறந்தார். அப்பா தெயொடர் புரோஃபெல்ட் பாதிரியார்; ‘விழிப்புற்றோர்’ என்ற பக்தி இயக்கத்தைச் சேர்ந்தவர். அந்த இயக்கத்தின் பெருந்தலைவர் பாவோ ருவோத்சலைனன் ஒரு விவசாயி, பட்டம் எதுவும் பெறாதவர். படித்த பாதிரியார்கள் ஒரு விவசாயியின் முன் உட்கார்ந்து கேட்ட இயக்கம் அது. அப்படிப்பட்ட வீட்டில் குடியானவனின் பேச்சுக்கு மதிப்பு இருந்ததில் ஆச்சரியமில்லை. அஹோவின் தம்பிகள் பெக்காவும் கல்லேயும்கூட எழுதினார்கள்.

அஹோவின் ‘ரௌதத்தியே’ 1884இல் வந்தது. சின்ன நாவல். தலைப்புக்கு ‘ரயில்பாதை’ என்று பொருள். சொல்லைப் பிரித்தால் ‘இரும்புச் சாலை’. காட்டுக்குள்ளே தனியாக வாழும் மத்தி, லீசா என்ற முதிய தம்பதிதான் கதை. பக்கத்தில் ரயில் வந்திருக்கிறது என்ற செய்தி மத்திக்கு எங்கே கிடைக்கிறது? பப்பிலாவில். அவன் போய்வந்த இடத்தில் பெரிய பாதிரியார் அதைப் பற்றிச் சொல்கிறார். மத்தி அரைகுறையாகப் புரிந்துகொண்டு வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொல்ல, இரண்டு பேரும் ‘இரும்புச் சாலை’ என்ற அந்தச் சொல்லையே வைத்துக்கொண்டு நாள்கணக்காக மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். இரும்பாலேயே சாலை போட்டிருப்பார்களா? குதிரை இல்லாமல் எப்படி ஓடும்? கடைசியில் கோடைக்காலத்தில் கிளம்பிப் போய் ரயிலில் ஏறுகிறார்கள். மத்தி வண்டியிலேயே குடித்துவிட்டுத் தூங்கிப்போக, பயணம் வெட்கக்கேடாக முடிகிறது.

இந்தக் கதையில் நான் திரும்பத் திரும்பப் போவது அந்த பப்பிலாக் காட்சிக்குத்தான். பாதிரியார் கெட்டவர் அல்ல. மத்தியிடம் அன்பாகத்தான் பேசுகிறார். ஆனாலும் தெரிந்தவனுக்கும் தெரியாதவனுக்கும் நடுவில் அந்த அறையின் தரை எவ்வளவு அகலம் என்பது படிக்கிறவருக்குத் தெரிகிறது. அந்த அகலத்தைச் சின்ன வயதிலிருந்து தினமும் பார்த்தவர் ஒருவரால்தான் அதை எழுத முடியும். அஹோ கூடத்துப் பக்கம் பிறந்தவர். கதையில் அவர் கண் வாசல்பக்கம் இருக்கிறவனோடு இருக்கிறது.

அடுத்த ஆண்டே ‘பாதிரியார் மகள்’ வந்தது. 1893இல் அதன் தொடர்ச்சியாகப் ‘பாதிரியார் மனைவி’. எல்லி என்ற பெண்ணைச் சிறுவயதிலிருந்து வீடு மெல்ல மெல்ல அடக்கி, அவள் விரும்பாத ஒரு பாதிரியாருக்கே கட்டிக்கொடுத்துவிடுகிறது. இரண்டுக்கும் நடுவில், 1891இல், மின்னா கான்த் ‘பாதிரியார் குடும்பம்’ என்ற நாடகத்தை எழுதினார். பழைய எண்ணமுள்ள அப்பாவும் புதுக் காலத்துப் பிள்ளைகளும் மோதிக்கொள்ளும் கதை அது. பெண்ணுரிமைக்காகக் குரல் கொடுத்தவர் கான்த். குவோப்பியோ நகரத்தில் துணிக்கடை நடத்திக்கொண்டே எழுதியவர். புதுச் சிந்தனையைப் பேச அஹோவும் கான்த்தும் தேர்ந்தெடுத்த மேடை பப்பிலாவாக இருந்தது. ஏனென்றால் படித்தவர் பேச்சும் பாமரர் பேச்சும் ஒரே கூரைக்குக் கீழே கேட்கிற வீடு வேறு எங்கேயும் இல்லை.

சரி, கூடத்துப் பிள்ளை எழுதினார். தொழுவத்துப் பிள்ளை? அவரும் எழுதினார். இந்தக் கட்டுரையில் எனக்கு மிகவும் பிடித்த ஆள் அவர்தான். ஹெய்க்கி கௌப்பினென், 1862இல் பிறந்தவர், அஹோவைவிட ஒரு வயது இளையவர். புரோஃபெல்ட் குடும்பத்தின் பப்பிலாவில் பண்ணையாளாக வேலைக்குச் சேர்ந்தார். அங்கே பாதிரியாரின் பையன்கள் புத்தகம் கொடுத்தார்கள், எழுதத் தூண்டினார்கள். அவர் எழுதினார்; பிறகு சோர்த்தவலாவில் ஆசிரியர் பயிற்சி பெற்றுப் பள்ளிக்கூட வாத்தியார் ஆனார். ‘கௌப்பிஸ் ஹெய்க்கி’ என்ற பெயரில் அவர் எழுதிய ‘வீயா’ 1889இலும் ‘அலீனா’ அடுத்த ஆண்டும் வந்தன. வேலைக்காரப் பெண்களின் வாழ்க்கையை, அவர்களோடு ஒரே மேசையில் கஞ்சி குடித்த ஒருவர் எழுதியிருக்கிறார். அந்தக் கதைகளில் பரிதாபம் தேடினால் கிடைக்காது, கணக்குத்தான் இருக்கும்: கூலி எவ்வளவு, யார் யாரை மணந்தால் எத்தனை மாடு. எனக்கு அந்தக் கறாரே பிடித்திருக்கிறது.

மேசைக்குப் பின்னால் குறி போட்டுக்கொண்டிருந்த லுக்கரியையும் மறக்கக் கூடாது. பியேதரி பைவரின்தா 1827இல் யூலிவியெஸ்காவில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். சின்ன வயதில் பிச்சை எடுத்துச் சாப்பிட்டவர். தானாகவே படித்து அதே ஊரில் லுக்கரி ஆனார். பிறகு நாட்டின் சட்டமன்றத்தில் விவசாயிகளின் பிரதிநிதியாகவும் உட்கார்ந்தார். 1877இல் ‘என் வாழ்க்கை’ என்று எழுதினார், 1880களில் ‘வாழ்க்கைக் காட்சிகள்’ என்ற கதை வரிசையைத் தொடர்ந்து வெளியிட்டார். அவர் காலத்தில் வேற்று மொழிகளுக்கும் போன எழுத்து அது. 1866 முதல் 1868 வரை வந்த பெரும் பஞ்சத்தை நினைத்துப் பாருங்கள். மக்கள்தொகையில் ஏறத்தாழ பன்னிரண்டில் ஒருவர் செத்தார்கள். அதைக் கண்ணால் பார்த்தவர், செத்தவர்களுக்குக் கல்லறையருகே பாடும் பதவியில் இருந்தவர். பசியைப் பற்றி அவர் எழுதும்போது சொல் அலங்காரம் இல்லை, தேவையும் இல்லை. இன்றைய கண்ணுக்கு அவர் கதைகளில் நீதிபோதனை சற்று அதிகம்தான். ஆனால் மரப்பட்டை கலந்த ரொட்டியைப் பற்றி அவர் சொன்னால் அந்த வாயே தின்ற ரொட்டி அது என்று நினைத்துக்கொண்டு படிக்க வேண்டும்.

அப்படியானால் பாதிரியார்கள் தாங்களே கதை எழுதவில்லையா என்று கேட்பீர்கள். எழுதினார்கள். அர்வி யார்வெந்தௌஸ் 1883இல் பிறந்தவர், வடகோடியில் என்டோன்டெக்கியோவில் பாதிரியாராக இருந்தவர். பனிமான் மேய்க்கும் ‘சாமி’ என்ற பூர்வகுடி மக்களும் ஃபின்னிஷ் குடியேறிகளும் சேர்ந்து வாழும் நிலம் அது. அங்கிருந்து அவர் கொண்டுவந்த ‘சிலுவையும் மந்திர மேளமும்’ 1916இல் வெளிவந்தது. தலைப்பிலேயே மோதல் இருக்கிறது: பாதிரியார் கையில் சிலுவை, சாமி மக்களின் பழைய பூசாரி கையில் மேளம். அவுகுஸ்தி ஓரவாலா என்ற இன்னொரு பாதிரியார், மேலே சொன்ன விவசாயத் தலைவர் பாவோ ருவோத்சலைனனையே நாயகனாக வைத்து ‘வனாந்தரத்துத் தீர்க்கதரிசி’ என்ற நாவலை எழுதினார்.

ஆனாலும், என் கணிப்பில், பின்லாந்துக் கிராமக் கதைக்கு உயிர் கொடுத்தவர்கள் பிரசங்க மேடையில் நின்றவர்கள் அல்ல. அந்த வீட்டின் மகன், பண்ணையாள், லுக்கரி இவர்கள்தான். பாதிரியாருக்கு ஊர் முழுக்கத் தெரியும். ஆனால் அவர் முன்னால் ஊர் எப்போதும் குளித்து, தலைவாரி, நல்ல சட்டை போட்டுக்கொண்டு நின்றது. சமையலறையில் ஊர் தன் இயல்பில் பேசியது.

வெளியிலிருந்து வந்த பார்வையும் உண்டு. அலெக்சிஸ் கிவியின் அப்பா நுர்மியார்வி ஊரின் தையல்காரர். மகன் பாதிரியார் ஆக வேண்டும் என்பது வீட்டாரின் ஆசை. மகன் எழுத்தாளர் ஆனார். 1870இல் வந்த ‘ஏழு சகோதரர்கள்’ ஃபின்னிஷ் நாவலின் அடித்தளம். அதில் சகோதரர்கள் ஏழு பேரும் அரிச்சுவடியோடு லுக்கரி வீட்டில் உட்கார்ந்து எழுத்துப் படிக்கிறார்கள். படிக்காவிட்டால் கால்விலங்கில் மாட்டிவிடுவேன் என்று பாதிரியார் மிரட்டியிருக்கிறார். பொறுக்க முடியாமல் சன்னலை உடைத்துக்கொண்டு காட்டுக்கே ஓடிவிடுகிறார்கள். மேலே விவரித்த வாசிப்புச் சட்டம் தெரியாமல் இந்த இடத்தைப் படித்தால் வெறும் முரட்டுக் கூத்து. தெரிந்து படித்தால், வாசிக்காதவனுக்குக் கல்யாணமே இல்லை என்ற நாட்டில் ஏழு வாலிபர்கள் எதைத் தூக்கி எறிந்துவிட்டு ஓடுகிறார்கள் என்பது புரியும். பல ஆண்டுகள் கழித்து அவர்கள் வாசிக்கக் கற்றுக்கொண்டு ஊர் திரும்புவதன் கனமும் புரியும்.

பப்பிலாவின் கசப்பான பக்கத்தைச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது: நிலம். பப்பிலாவுக்குச் சொந்தமான காட்டிலும் சதுப்பிலும் ‘தோர்ப்பாரி’ என்ற குத்தகைக் குடிகள் இருந்தார்கள். தரிசைத் திருத்தி வீடு கட்டிக்கொள்ளலாம். வாடகைக்குப் பதிலாக வாரத்தில் சில நாள் பண்ணையில் உழைக்க வேண்டும். நிலம் மட்டும் அவர்களுடையது ஆகாது. வைனோ லின்னா 1959 முதல் 1962 வரை மூன்று பாகங்களாக வெளியிட்ட ‘இங்கே வடமீனின் கீழே’ நாவல் இதில்தான் தொடங்குகிறது. யுஸ்ஸி என்பவன் பழைய பாதிரியாரின் வாய்ச்சொல்லை நம்பிச் சதுப்பு நிலத்தில் மண்வெட்டியோடு இறங்குகிறான். முதுகு ஒடிய வாய்க்கால் வெட்டி அதை வயலாக்குகிறான். பழையவர் செத்துப் புதியவர் வருகிறார். படித்தவர், மென்மையானவர், மக்கள்மேல் அன்புள்ளவர் என்று தன்னை நம்புகிறவர். அவர் குடும்பச் செலவுக்கு வருமானம் போதவில்லை. யுஸ்ஸி திருத்திய நிலத்தில் ஒரு பகுதி பப்பிலாவுக்கே திரும்பிப் போகிறது. அந்தக் காயம் அவன் மகனுக்கும் பேரனுக்கும் இறங்கி, 1918 உள்நாட்டுப் போர் வரை போகிறது. அதே 1918இல் வந்த சட்டம்தான் குத்தகைக் குடிகள் தங்கள் நிலத்தை விலைக்கு வாங்க வழி செய்தது.

ஒரே வீடு வாசிக்கக் கற்றுக்கொடுத்தது, நிலத்தையும் பிடுங்கியது. அதனால்தான் இந்தக் கதைகளில் பாதிரியார் வெறும் நல்லவராகவோ வெறும் வில்லனாகவோ வந்தால் எனக்கு உடனே சந்தேகம் வந்துவிடும்.

எதிலிருந்து தொடங்குவது என்று கேட்டால், நான் ‘ரௌதத்தியே’வையே சொல்வேன். ஒரே மூச்சில் படித்துவிடலாம், ஆங்கிலத்தில் கிடைக்கிறது. அடுத்து ‘ஏழு சகோதரர்கள்’; அதற்கு ஆங்கிலத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட மொழிபெயர்ப்புகள் உண்டு. லின்னாவின் மூன்று பாகங்களையும் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள், அவை நீளம். மத்தி பப்பிலாவுக்குள் நுழையும் பக்கம் வரும்போது மட்டும் அவசரப்பட வேண்டாம். அவன் எங்கே நிற்கிறான், யார் அவனை உட்காரச் சொல்கிறார்கள், அவன் கை எங்கே இருக்கிறது என்று பாருங்கள்.